பெட்டியோடு ஒரு டென்னிஸ் கேசட்

பையை மேலே வைக்க வேண்டாம் அண்ணே, காலடியிலேயே கிடக்கட்டும். உள்ளே தையல் மெஷினுடைய தலை இருக்கிறது. பஸ் ஒரு பள்ளத்தில் இறங்கினால் கீழே இருக்கிறவன் மண்டை போய்விடும். கொஞ்சம் காலை மட்டும் ஒதுக்கிக்கொள்ளுங்க. பட்டுக்கோட்டைதானே நீங்களும்? நல்லதாகப் போயிற்று.

இல்லை, மடியில் இருப்பது வேறே. இது காலடிக்கும் ஆகாது, மேலேயும் ஆகாது. வெயிலும் ஆகாது. வெயில் பட்டால் அட்டைப்பெட்டியில் சிவப்பு மட்டும் முதலில் வெளுக்கும், கவனித்திருக்கிறீங்களா? நீலம் நிற்கும், கறுப்பு நிற்கும், சிவப்பு ஓடிப்போய்விடும். அதற்காகத்தான் ஜன்னல் ஓரத்தை உங்களுக்கு விட்டேன். மரியாதை என்று நினைத்து நீங்க நன்றி வேறே சொன்னீங்க.

கேசட் அண்ணே. பாட்டு கேசட் இல்லை. வீடியோ கேம் கேசட். அந்தக் காலத்தில் டிவிக்குப் பின்னால் ஒயரைச் சொருகி, கேசட்டை ஊதி ஊதிப் போடுவார்களே, அது. ஊதக் கூடாது, எச்சில் பட்டு அடியில் இருக்கிற செம்புப் பின்னெல்லாம் பச்சை பிடிக்கும். ஊருக்கே அது தெரியாது. இது டென்னிஸ். ஜப்பான் ஒரிஜினல். பெட்டியோடு இருக்கிறது. உள்ளே விளக்கப் புத்தகம், கேசட் உட்காருகிற பிளாஸ்டிக் தட்டு, எல்லாம் அப்படியே. சிரிக்கலாம், பரவாயில்லை. என் மச்சானும் சிரிப்பார். முன்னால் சிரித்துக்கொண்டிருந்தார், இப்போது சிரிப்பதில்லை.

எனக்குத் தஞ்சாவூரில் ஒரு பால் பண்ணையில் ராத்திரி டூட்டி. பாக்கெட் போடுகிற மெஷின். விடிகிற வரைக்கும் அது டக் டக் என்று வெட்டித் தள்ளும், நான் பார்த்துக்கொண்டு நிற்பேன். ராத்திரி விழிக்கிறவனுக்குப் பகலில் தூக்கம் வரும் என்பார்கள். எனக்கு வராது. பகலில் தூங்காதவன் என்ன செய்வான், ஊர் சுற்றுவான். அப்படித்தான் இது பிடித்துக்கொண்டது. பத்தாவதில் கோட்டை விட்டவன் நான். ஜப்பான் எழுத்தை நானாகவே படித்தேன் அண்ணே, கேசட் முதுகில் என்ன எழுதியிருக்கிறது என்று தெரிந்துகொள்கிற அளவுக்கு. எங்கள் வீட்டுக்காரி கேட்பாள், "என்னங்க, ஜப்பான்காரனோட நீங்க பேசவா போறீங்க?" என்று. பெயர் எழிலரசி. எழில் என்று கூப்பிடுவோம். அவள் வீட்டுக்குத்தான் போகிறேன். அவள் அண்ணன் வீடு.

கூப்பிட்டிருக்கிறார்கள். அவர்களாகவே கூப்பிட்டிருக்கிறார்கள். அதைக் கவனிக்க வேண்டும் நீங்க.

இந்தக் கேசட் சேர்க்கிறவர்கள் தமிழ்நாட்டில் நிறையப் பேர் இல்லை. இருக்கிறவனும் சண்டை, குதிக்கிறது, சுடுகிறது, அதைத்தான் தேடுவான். விளையாட்டுக் கேசட்டை எவனும் சீண்ட மாட்டான். கிரிக்கெட், ஃபுட்பால், கோல்ஃப், ஓட்டப்பந்தயம். வருஷா வருஷம் புதுசு வந்துகொண்டே இருக்கும், போன வருஷத்தது குப்பை. நான் அந்தக் குப்பையைச் சேர்க்கிறவன். ஆனால் அதிலும் ஒரு விஷயம் இருக்கிறது. ஒரு கேம் மெஷின் சாகப்போகிற காலம் என்று ஒன்று உண்டு. புது மெஷின் வந்துவிடும், கூட்டமெல்லாம் அந்தப் பக்கம் போய்விடும். அந்த நேரத்தில் பழைய மெஷினுக்கு யாரோ ஒருவன் ஒரு கேசட் போடுவான். கொஞ்சம்தான் அடிப்பான். வாங்க ஆள் இருக்காது. அதுதான் அண்ணே பின்னாளில் மதிப்பு. ஆள் இல்லாத நேரத்தில் வந்ததுதான். இந்த டென்னிஸ் அப்படி வந்தது.

டூப்ளிகேட்டை நான் கையில் வாங்கினாலே சொல்லிவிடுவேன். கனம் காட்டிக்கொடுக்கும். திறந்து பார்த்தால் ஒரிஜினலில் கால் முளைத்த பூச்சி மாதிரி சிப்பு இருக்கும். டூப்ளிகேட்டில் தார் ஊற்றின மாதிரி ஒரு கறுப்புப் பொட்டு. அவ்வளவுதான். பொட்டு வைத்தவளெல்லாம் சுமங்கலியா என்று எழில் கேட்பாள். அவளுக்கு வாய் ஜாஸ்தி. நான் திறக்காமலே சொல்வேன், அதுதான் திறமை.

வாங்குவதற்கு ஒரு முறை இருக்கிறது. ஒரிஜினல் எங்கே கிடைக்கும்? கடையில் கிடைக்காது. சிங்கப்பூர் போய் வந்தவர்கள் வீட்டில் கிடைக்கும். பட்டுக்கோட்டை, பேராவூரணி, மன்னார்குடிப் பக்கம். லீவில் வரும்போது பிள்ளைக்கு ஒன்று கொண்டுவந்திருப்பார்கள், பிள்ளை வளர்ந்து போயிருக்கும், அது ஷோகேஸில் பொம்மையோடு பொம்மையாக நிற்கும். அங்கே போய் "கேசட் இருக்கா" என்று கேட்டீங்களோ, தொலைந்தீங்க. பழைய ரேடியோ இருக்கா, டேப்ரிக்கார்டர் இருக்கா என்று கேட்க வேண்டும். நமக்கு வேண்டியதை ஒரு தரம்தான் பார்க்கலாம். அப்புறம் அந்தத் திசைக்கே திரும்பக் கூடாது. முகத்தில் ஒன்றும் தெரியக் கூடாது. விலை ஒத்துவரவில்லையா, எழுந்துவிட வேண்டும். வாசலில் செருப்பை மெதுவாகப் போட வேண்டும். ரொம்ப மெதுவாக. படி இறங்குவதற்குள் பின்னாலிருந்து கூப்பிடுவார்கள். "தம்பி, ஒரு நிமிஷம்" என்று. கூப்பிடவில்லை என்றால்? கூப்பிடுவார்கள் அண்ணே. இத்தனை வருஷத்தில் கூப்பிடாமல் விட்டவர்கள் யாருமில்லை.

அப்படி ஒருநாள் போன வீடுதான் எழில் வீடு. அவள் அப்பா ராசமாணிக்கம், சிங்கப்பூர் ராசமாணிக்கம் என்றால் அந்தத் தெருவுக்கே தெரியும். டேப்ரிக்கார்டரைத் தூக்கித் தூக்கிப் பார்த்துக்கொண்டிருக்கிறேன். மோர் கொண்டுவந்து வைத்தாள். அப்பா எதையோ எடுக்க உள்ளே போனதும் மெல்லக் கேட்டாள்.

"அதைத்தான பாத்தீங்க?"

"எதைங்க?"

"டேப்பை விடாம பாக்குறீங்க. அந்த ஷோகேஸ் பக்கம் ஒரே ஒரு தடவதான் பாத்தீங்க. ஒரு தடவ பாக்குறவன்தான் தூக்கிட்டுப் போவான்னு எங்க அப்பா சொல்லுவாரு."

இத்தனை வீடு ஏறியிருக்கிறேன், என் முகத்தைப் படித்தவர்கள் யாருமில்லை. அவள் படித்துவிட்டாள். அன்றைக்குக் கேசட் கிடைக்கவில்லை. "அது எம் பொண்ணுது, குடுக்கிறதுக்கில்ல" என்றுவிட்டார் அவர். செருப்பை மெதுவாகப் போட்டேன். கூப்பிட்டார். மோரை முழுசாகக் குடிக்காமல் போகிறீங்களே என்று கூப்பிட்டார். அதுவும் கூப்பிட்டதுதானே.

மறுபடி போனேன். மறுபடியும் போனேன். அப்புறம் என் அக்காவைக் கூட்டிக்கொண்டு போய்ப் பெண் கேட்டேன். அவள் அம்மா வருஷக்கணக்கில் படுக்கையில் கிடந்து போய்ச் சேர்ந்ததில் அவளுக்குக் கல்யாணம் தள்ளிப்போயிருந்தது. எனக்கும் வயசு ஏறியிருந்தது. ஐயர் இல்லாமல், மாலை மாற்றி, ராசமாணிக்கம் மாமா தலைமையில் நாலு பேர் பேசி, கல்யாணம் முடிந்தது. மச்சான் இருக்கிறாரே, அறிவழகன், அவர் இன்றைக்கு ஒரு வார்த்தை சொல்கிறார், "கேசட்டுக்குத்தான மாப்ள எந்தங்கச்சியக் கட்டுனீங்க" என்று. இது நியாயமா? கேசட்டுக்காக யாராவது கல்யாணம் பண்ணுவானா? அவள் வந்தாள், கூட அதுவும் வந்தது. அவ்வளவுதான்.

மாமாவுக்குச் சிங்கப்பூரில் என்ன வேலை தெரியுமா? ஒரு பெரிய கிளப்பில், டென்னிஸ் ஆடுகிற தரைக்குக் கோடு போடுகிற வேலை. வெள்ளைப் பெயிண்ட் வண்டியைத் தள்ளிக்கொண்டு போவாராம். ஒரு நாளும் மட்டையைத் தொட்டதில்லை. பிள்ளைக்கு எப்படிப் புரியவைப்பது, என்ன வேலை பார்க்கிறேன் என்று? இந்தக் கேசட்டை வாங்கி வந்து டிவியில் போட்டுக் காட்டியிருக்கிறார். "பாத்தியா, இந்தக் கோடு. இது அப்பா போட்டது." அவள் சின்னப்பிள்ளை. டிவியில் தெரிகிற கோடு முழுக்க அப்பாதான் போட்டார் என்று பள்ளிக்கூடம் பூராவும் சொல்லியிருக்கிறாள்.

கல்யாணமான புதிதில் நாங்கள் இதைத்தான் விளையாடுவோம். நான் டூட்டி முடிந்து வந்து, படுத்து, தூக்கம் வராமல் எழுந்து உட்காருவேன். அவள் தைத்துக்கொண்டிருப்பாள். மெஷினை நிறுத்திவிட்டு வருவாள். எனக்கு விளையாட வராது அண்ணே. கேசட்டைப் பற்றி என்ன வேண்டுமானாலும் கேளுங்க, சொல்வேன். விளையாட மட்டும் வராது. "பந்து அங்க போயிருச்சு, நீங்க இங்க நின்னு யாருக்குக் கும்புடு போடுறீங்க?" என்பாள். பந்து கோட்டில் விழுந்தால் போதும், "அப்பா கோடு" என்று ஒரு குதி குதிப்பாள். கோட்டில் விழுந்தால் அவள் பக்கம்தான் கணக்கு, யார் அடித்திருந்தாலும். அது அவள் சட்டம். நான் தோற்றுக்கொண்டே இருப்பேன். குக்கர் விசில் அடிக்கும், எழுந்து போவாள், நான் அப்படியே நிறுத்தி வைத்துக் காத்துக்கொண்டிருப்பேன்.

ஒரத்தநாடா இது? ஒரத்தநாடுதான். கொஞ்சம் நிற்பான். அந்த அம்மா கூடையை வழியிலேயே வைக்கிறாங்க பாருங்க. அம்மா, கூடை, கூடை. சரி.

அப்புறம் என்ன ஆனது என்றால், இதன் மதிப்பு தெரிந்தது. சேர்க்கிறவர்கள் கொஞ்சம் பேர் போனில் ஒரு குழு வைத்திருக்கிறோம். பெங்களூர்க்காரர் ஒருவர், பெரிய கை. படம் அனுப்பினேன். அவர் நேரே போன் செய்துவிட்டார். பெட்டியோடு, புத்தகத்தோடு, தட்டோடு, இந்த நிலைமையில் இந்தியாவிலேயே வேறு பார்த்ததில்லை என்றார். அவர் வாயிலிருந்து அந்தச் சொல் வருவது லேசு இல்லை. அன்றைக்கே ஒரு கண்ணாடிப் பெட்டி செய்யச் சொல்லி, உள்ளே வைத்து, பீரோவில் பூட்டினேன். சொருகிச் சொருகி எடுத்தால் பின் தேயும். தேய்ந்தால் போச்சு.

எழில் ஒருநாள் மத்தியானம் "வாங்க, ஒரு ஆட்டம்" என்றாள். நான் அவளை வெறுங்கையோடு அனுப்பவில்லை அண்ணே. அதே டென்னிஸ், டூப்ளிகேட் ஒன்று தேடி வாங்கி வைத்திருந்தேன் அவளுக்காக. எடுத்துக் கொடுத்தேன். அதே பந்து, அதே மட்டை, அதே கோடு. கையில் வாங்கிப் பார்த்தாள். "இது லேசா இருக்கு" என்றாள். கனம் பார்க்கக் கற்றுக்கொடுத்தது நான்தான். எனக்குப் பெருமையாக இருந்தது. அப்புறம் அவள் விளையாட்டை விட்டுவிட்டாள். ஆசை தீர்ந்துபோயிருக்கும். தையலும் நிறைய வந்துகொண்டிருந்தது.

ஒரு குறைதான் இதில் இருந்தது. பெங்களூர்க்காரரும் அதைத்தான் சொன்னார். பெட்டியின் பின்பக்கம் மாமா மார்க்கரில் எழுதியிருந்தார். "எழிலுக்கு, அப்பா" என்று. எழுத்து என்றால் மதிப்பு பாதியாகிவிடும், உலகம் முழுக்க அப்படித்தான். வழவழப்பு அட்டை என்பதால் எடுக்க முடியும். எல்லாருக்கும் வராது. ஸ்பிரிட்டில் பஞ்சுக் குச்சியைத் தோய்த்து ஒற்ற வேண்டும், தேய்த்தால் கீழே இருக்கிற அச்சும் சேர்ந்து வந்துவிடும். போன ஆடியில் ஒருநாள், அவள் நூல் வாங்கக் கடைத்தெருவுக்குப் போயிருந்தாள். உட்கார்ந்து ஒவ்வொரு எழுத்தாக எடுத்தேன். முதலில் "அப்பா" போயிற்று. "ழி"தான் ரொம்பப் படுத்தியது. முடித்துவிட்டு வெளிச்சத்தில் சாய்த்துப் பார்க்கிறேன், எழுத்து இருந்த தடமே இல்லை. என் கைவேலையில் அதுதான் உச்சம் என்பேன். அவளுக்கு அப்புறம் சொல்லி ஆச்சரியப்படுத்தலாம் என்று வைத்திருந்தேன். அது அப்படியே விட்டுப்போயிற்று.

புரட்டாசியில் மாமா தவறிவிட்டார். சாப்பிட்டுவிட்டுக் கை கழுவப் போனவர், அங்கேயே. அவர்கள் வீட்டில் கருமாதி எல்லாம் கிடையாது, படத்திறப்புதான். மைக் வைத்து, மாலை போட்டு, ஒவ்வொருத்தராகப் பேசினார்கள். என்னையும் பேசச் சொன்னார்கள். எனக்கு மைக்கில் வராது. முகத்தில் ஒன்றும் காட்டாமல் உட்கார்ந்திருந்தேன். "மாப்ள கல்லு மாதிரி இருக்காரே" என்று யாரோ பின்னால் சொன்னது கேட்டது.

தஞ்சாவூர் திரும்பிய மறுநாள், சாப்பாடு போட்டுவிட்டுக் கேட்டாள். "அந்தக் கேசட்டை எடுங்க." விளையாடவா என்றேன். "விளையாட வேணாம். பாக்கணும்." எடுத்தேன். மறுக்கவில்லை, கவனியுங்க. என் மேல் ஆயிரம் சொல்கிறார்கள், இதை யாரும் சொல்வதில்லை. நானே பூட்டைத் திறந்து, கண்ணாடிப் பெட்டியை எடுத்து, கை துடைத்துக்கொள்ளத் துணி கொடுத்து, அவள் கையில் கொடுத்தேன்.

திருப்பினாள். பின்பக்கத்தைப் பார்த்தாள். மறுபடி முன்னால் திருப்பினாள். மறுபடி பின்னால். ஜன்னல் பக்கம் போய்ச் சாய்த்துப் பார்த்தாள், நான் பார்த்த மாதிரியே.

"எங்கங்க?"

"எது?"

"அப்பா எழுதுனது."

"சுத்தம் பண்ணிட்டேன்மா. பாரு, தடம் தெரியுதா? இப்ப இதுக்கு ஈடு கெடையாது."

அவள் கத்தியிருந்தால் எனக்குப் புரிந்திருக்கும். கத்தவில்லை. விரலை வைத்து அந்த இடத்தைத் தடவினாள். அப்புறம் நான் சொல்லிக்கொடுத்த மாதிரியே, ஓரத்தில் பிடித்து, கண்ணாடிப் பெட்டிக்குள் இறக்கி, மூடினாள். ஒரு கீறல் விழவில்லை. சரி, சமாதானமாகிவிட்டாள் என்றுதான் நினைத்தேன். நீங்களாக இருந்தாலும் அப்படித்தான் நினைத்திருப்பீங்க.

அதற்கப்புறம் வீட்டில் பேச்சு குறைந்தது. அப்பா போன துக்கம், இருக்கத்தானே செய்யும். ஒரு மத்தியானம் நான் ஒரு ஃபுட்பால் கேசட்டைத் திறந்து வைத்து ரப்பரால் பின் துடைத்துக்கொண்டிருக்கிறேன். பள்ளிக்கூடப் பிள்ளைகள் அழிக்கிற ரப்பர்தான், அதுதான் நல்லது. வாசற்பக்கம் பையோடு வந்து நின்றாள்.

"நான் போறேங்க."

"ம்."

"கேக்க ஒண்ணுமில்லையா?"

நான் நிமிரவில்லை. நிமிர்ந்தால் தெரிந்துவிடும். அவள்தான் என் முகத்தைப் படிப்பவளாயிற்றே. "பஸ்ஸுக்குச் சில்லறை இருக்கா?" என்று கேட்டேன். அக்கறையாகத்தானே கேட்டேன்?

வாசலுக்குப் போனாள். செருப்பைப் போட்டாள். மெதுவாகப் போட்டாள் அண்ணே. ரொம்ப மெதுவாக. வாரை ஒரு தரம் கழற்றி மறுபடி மாட்டினாள். எனக்கு உள்ளுக்குள் சிரிப்பு வந்துவிட்டது. அது நான் சொல்லிக்கொடுத்தது. என்னிடமே காட்டுகிறாள். அதனால்தான் நான் ஏமாறவில்லை. ரப்பரைத் தேய்த்துக்கொண்டே இருந்தேன். கேட் சத்தம் கேட்டது. திரும்ப ஒரு தரம் கேட்கும் என்று இருந்தேன். அந்தக் கேசட் பின் எல்லாம் பளபளவென்று ஆகிவிட்டது. அவ்வளவு நேரம் துடைத்திருக்கிறேன்.

இப்போது பங்குனி. டூட்டி முடிந்து வரும்போது பண்ணையில் ரெண்டு பாக்கெட் கொடுப்பார்கள். பழக்கதோஷம், ரெண்டையும் வாங்கிக்கொண்டு வருகிறேன். ஒன்று திரிந்துபோகிறது.

ஆனால் ஒன்று சொல்கிறேன். போகும்போது அவள் இதை எடுத்துக்கொண்டு போகவில்லை. பீரோ சாவி அவளுக்குத் தெரிந்த இடத்தில்தான் இருந்தது. இதன் மதிப்பு அவளுக்குத் தெரியும், நானே சொல்லியிருக்கிறேன். திரும்பி வராதவள் இப்படி ஒன்றை விட்டுவிட்டுப் போவாளா? யோசித்துப் பாருங்க. போன வாரம் மச்சான் போன் செய்தார். "மாப்ள, எழிலோட பத்தாவது சர்டிபிகேட், ஆதார் அட்டை, மெஷின் தலை, அம்மாவோட இட்லிக் கொப்பரை, ரெண்டு பட்டுச்சேலை. கொண்டாந்து குடுத்துடுங்க" என்றார். எல்லாம் கேட்டார். இதைக் கேட்கவில்லை. நான் எத்தனை வருஷமாக இந்த வேலை பார்க்கிறேன் அண்ணே. கேட்காமல் விடுவதுதான் வேண்டியது. டேப்ரிக்கார்டரைக் கேட்கிறவனுக்கு டேப்ரிக்கார்டரா வேண்டும்?

அதனால் நான் ஒன்று செய்தேன். உங்களிடம் காட்டுகிறேன், இருங்க. வெயில் படாமல் இப்படிக் குனிந்து பாருங்க. தெரிகிறதா? "எழிலுக்கு, அப்பா." நான் எழுதினது.

சுத்தம் செய்கிறதற்கு முன்னால் எப்போதும் ஒரு போட்டோ எடுத்து வைப்போம், அது எங்கள் முறை. அந்தப் போட்டோவை வைத்துப் பழகினேன். அதே கம்பெனி மார்க்கர், இப்போது அது வருவதே இல்லை, தேடி வாங்கினேன். பண்ணையில் பாக்கெட் சுருளில் கழிக்கிற பிளாஸ்டிக் இருக்கும், வழவழவென்று. அதில் எழுதி எழுதிப் பார்த்தேன். எழிலுக்கு, எழிலுக்கு, எழிலுக்கு. சூப்பர்வைசர் கூட, "என்ன கலியபெருமாள், பேர் வைக்கிறியா பாலுக்கு?" என்றார். கை படிந்ததும் இதில் எழுதினேன். அச்சு அசல். மாமாவே வந்தாலும் தன் கையெழுத்து என்றுதான் சொல்வார். பெங்களூர்க்காரரிடம் சொன்னேன், அவர் என்னோடு பேசுவதையே விட்டுவிட்டார். எழுதிய நிமிஷத்தோடு இதன் மதிப்பு போய்விட்டது, தெரியும். தெரிந்துதான் எழுதினேன். எழிலுக்கு வித்தியாசமே தெரியாது.

போட்டோவா? இருக்கிறதே. இதோ. இது மாமா எழுதினது. அந்த "ழி"யைப் பாருங்க, வாலை எப்படி நீட்டி இழுத்திருக்கிறார். கோடு போட்ட கை இல்லையா. இதை அவளுக்கு அனுப்பினேனா என்கிறீங்களா? எதற்கு அண்ணே? போட்டோவை யார் வேண்டுமானாலும் எடுக்கலாம். அதற்கு என்ன மதிப்பு இருக்கிறது? கையில் பிடிக்கிற மாதிரி சாமான் கொண்டுபோகிறேன், நீங்க போட்டோ என்கிறீங்க.

இருங்க, போன். மச்சான்தான்.

சொல்லுங்க மச்சான்... ஆமா, ஏறிட்டேன்... ஒரத்தநாடு தாண்டியாச்சு... எல்லாம் இருக்கு, கொப்பரை மூடியோட... ம்... ம்... இல்ல மச்சான், வீட்டுக்கே வந்துடறேனே, எதுக்கு நீங்க வெயில்ல... சரி. சரி... எனக்கும் வேற வேலை இருக்கு மச்சான், உடனே திரும்பணும்... எழில் பக்கத்துல இருக்கா? குடுங்களேன்... ஒரு நிமிஷந்தான்...

எழிலு. நான்தான்... ம். துணி சுத்தித்தான் வச்சிருக்கேன், ஊசியைக் கழட்டிட்டேன்... சாப்பிட்டியா?... இல்ல, கேசட்டும் கொண்டாந்திருக்கேன். ஒனக்கு ஒண்ணு காட்டணும். பின்பக்கம்... எழிலு?... கேக்குதா?... ம்... ம்... சரி.

வைத்துவிட்டாள்.

வீட்டுக்கு வர வேண்டாமாம். மச்சான் பஸ் ஸ்டாண்டுக்கே வந்து பையை வாங்கிக்கொள்கிறாராம். எழில் என்ன சொன்னாள் தெரியுமா? "அது உங்களுதுங்க. நல்ல வெல வந்தா குடுத்துடுங்க" என்றாள். கேட்டீங்களா? விலை பேசுகிறாள். விலை பேசிக்கொண்டிருக்கிற வரைக்கும் யாரும் எழுந்து போய்விடவில்லை என்று அர்த்தம் அண்ணே. வேண்டாம் என்று முடிவு செய்தவர்கள் விலையே பேச மாட்டார்கள். குரல் மட்டும் கொஞ்சம் கம்மியிருந்தது. சளி பிடித்திருக்கும். பங்குனி வெயிலில் ஐஸ் தண்ணி குடிப்பாள், சொன்னால் கேட்க மாட்டாள்.

ஒன்றுமில்லை. தூசி. ஜன்னலைக் கொஞ்சம் சாத்துங்க. இல்லை இல்லை, துண்டு வேண்டாம், என்னிடம் இருக்கிறது.

பட்டுக்கோட்டை வந்துவிட்டதா? பஸ் ஸ்டாண்டுக்குள் திரும்புகிறான். அண்ணே, ஒரு உதவி. நீங்க ஜன்னல் பக்கம் இருக்கிறீங்க. டீக்கடைக்கு முன்னால் கறுப்பு பைக் ஒன்று நிற்கும். மச்சான் வெள்ளைச் சட்டை போட்டுக் கொஞ்சம் பருமனாக இருப்பார். கூட அவள் நிற்கிறாளா என்று பார்த்துச் சொல்லுங்க. பச்சைச் சேலையாக இருக்கலாம், அவளுக்கு அது பிடிக்கும். பைக் பின்னால் உட்கார்ந்திருக்கலாம், இல்லை கடை நிழலில் நிற்கலாம். நான் பார்க்கக் கூடாது. இறங்குவேன், பையைக் கொடுப்பேன், டீ ஒன்று சொல்லிவிட்டு வேறு பக்கம் பார்த்துக்கொண்டு நிற்பேன். அவளாக வந்து பேசட்டும்.

தெரிகிறதா? வெள்ளைச் சட்டைதானே? பின்னால்?

கடைக்குள்ளே பாருங்க. தூணுக்கு அந்தப் பக்கம். நல்லாப் பார்த்தீங்களா?

சரி. தனியாகத்தான் வந்திருக்கிறாரா.

பை பெரிசு இல்லையா அண்ணே. பின்னால் அவளும் உட்கார்ந்தால் இதை எங்கே வைப்பார்? அதுதான் தனியாக வந்திருக்கிறார்.